ஒரு ஆளைப் பிடிக்க ஒரு நாட்டையே பிடிக்கலாமா?

1916-ம் ஆண்டு மார்ச் 9. விடிவதற்குக் கொஞ்சம் முன்பு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கும் கொலம்பஸ் என்ற சின்ன ஊருக்குள் நூற்றுக்கணக்கான குதிரை வீரர்கள் புகுந்தார்கள். கடைகளைக் கொளுத்தினார்கள், கண்ணில் பட்டவர்களைச் சுட்டார்கள். சுமார் 18 அமெரிக்கர்கள் இறந்தார்கள். வந்தவர்கள் மெக்சிகோ புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவின் ஆட்கள்.

அமெரிக்காவே கொதித்தது. ஒரே வாரத்தில் ஜெனரல் ஜான் பெர்ஷிங் தலைமையில் ஒரு படை எல்லையைத் தாண்டியது. நோக்கம் ஒன்றுதான்: வில்லாவின் கூட்டத்தை ஒழிக்க வேண்டும். படை வளர்ந்து வளர்ந்து சுமார் 10,000 பேர் ஆனது. அமெரிக்க ராணுவம் போர் வேலைக்காக விமானங்களைப் பயன்படுத்தியது அதுதான் முதல் முறை. மோட்டார் லாரிகளும் போயின. பதினோரு மாதம் தேடினார்கள்.

வில்லா சிக்கவே இல்லை! அடிபட்ட காலோடு ஒரு குகையில் ஒளிந்திருந்து தப்பித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போதைய மெக்சிகோ அரசுக்கும் வில்லா பரம எதிரி. ஆனாலும் தங்கள் மண்ணில் அந்நிய ராணுவம் திரிவதை அந்த அரசால் தாங்க முடியவில்லை. ஜூன் மாதம் கார்ரிசால் என்ற இடத்தில் பெர்ஷிங்கின் வீரர்களோடு மோதியது வில்லாவின் ஆட்கள் இல்லை, மெக்சிகோவின் அரசுப் படை. இரண்டு நாடுகளும் முழுப் போரின் விளிம்புக்கே போய்விட்டன. கடைசியில் 1917 பிப்ரவரியில் பெர்ஷிங் வெறுங்கையோடு திரும்பினார். வில்லாவை அடக்கியது யார்? 1920-ல் மெக்சிகோ அரசே அவரோடு சமாதானம் பேசி, ஒரு பண்ணையைக் கொடுத்து உட்கார வைத்தது.

இந்தக் கதையை அமெரிக்கர்களே ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 85 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி இன்னும் பல மடங்கு பெரிதாக அவர்கள் முன்னால் வந்து நின்றது. கொலை செய்துவிட்டு ஓடி ஒளிந்த ஒரு கூட்டத்தைப் பிடிக்க இன்னொரு நாட்டின் மீது படையெடுப்பது புத்திசாலித்தனமா?

420-க்கு 1

2001 செப்டம்பர் 11. நான்கு விமானங்கள், 19 கடத்தல்காரர்கள், கிட்டத்தட்ட 3,000 சாவு. இரட்டைக் கோபுரம் இடிந்து விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. அதற்குப் பிறகு மூன்றே நாளில், செப்டம்பர் 14-ம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அதன் முக்கியப் பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 வார்த்தைகள்தான். தாக்குதலைத் திட்டமிட்ட, நடத்திய, அதற்கு உதவிய, அவர்களுக்கு இடம் கொடுத்த நாடுகள், அமைப்புகள், தனி மனிதர்கள் யாராக இருந்தாலும் தேவையான எல்லாப் படைபலத்தையும் ஜனாதிபதி பயன்படுத்தலாம் என்றது அது. எந்த நாடு என்று இல்லை. எவ்வளவு காலம் என்றும் இல்லை.

செனட்டில் 98-க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420-க்கு 1.

அந்த ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டைப் போட்டவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. தாக்குதல் நடத்தியவர்களை விட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கே, யாரோடு, எதுவரை என்று எழுதாத ஒரு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் அன்று நினைவுபடுத்தியது 1964-ம் ஆண்டை. டோங்கின் வளைகுடா தீர்மானத்தை அன்று பிரதிநிதிகள் சபையில் ஒருவர் கூட எதிர்க்கவில்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். வியட்நாம் போர் பெரிதாக வளர்ந்தது அந்தத் தாளின் மேல்தான்.

லீக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. துரோகி என்றார்கள். ஆனால் அந்த 60 வார்த்தைகள் என்ன ஆயின? பிறகு வந்த ஜனாதிபதிகள் ஏமன், சோமாலியா என்று ஒவ்வொரு நாடாகத் தாக்கியபோதும் அதையே காட்டினார்கள். 2014-ல் சிரியாவிலும் ஈராக்கிலும் ஐ.எஸ். அமைப்பைத் தாக்கவும் அதே தீர்மானம்தான் அடிப்படை என்றார்கள். 2001-ல் ஐ.எஸ். என்ற பெயரில் ஓர் அமைப்பே கிடையாது!

போர் வேண்டும் என்றவர்களின் வாதம்

இங்கே மறுபக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தான் போரை ஆதரித்தவர்கள் எல்லோரும் ரத்த வெறி பிடித்தவர்கள் இல்லை. அவர்களிடம் வலுவான வாதங்கள் இருந்தன.

முதலாவது, போர் இல்லாத வழிகளை அமெரிக்கா ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தது. 1998 ஆகஸ்டில் கென்யா, டான்சானியா தூதரகங்களில் அல்-கொய்தா குண்டு வைத்து 224 பேரைக் கொன்றது. பதிலுக்கு கிளின்டன் அரசு ஆப்கானிஸ்தான் முகாம்கள் மீது ஏவுகணைகளை வீசியது. பின் லேடன் தப்பித்தார். 1999-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை பின் லேடனை ஒப்படைக்கச் சொல்லித் தலிபானுக்கு உத்தரவே போட்டது. தலிபான் கேட்கவில்லை. 2000 அக்டோபரில் ஏமனில் யு.எஸ்.எஸ். கோல் கப்பல் தாக்கப்பட்டு 17 மாலுமிகள் இறந்தார்கள். இன்னும் எத்தனை முறை பொறுப்பது?

இரண்டாவது, ஒரு அரசாங்கமே இடம் கொடுத்து முகாம் நடத்த விடும்போது போலீஸ் போய்க் கதவைத் தட்ட முடியாது. வாரண்ட் எடுத்துக்கொண்டு காந்தகார் போக எந்த இன்ஸ்பெக்டரால் முடியும்?

மூன்றாவது, தற்காப்பு உரிமை. தாக்குதலுக்கு மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு சபை தன் தீர்மானத்தில் அந்த உரிமையைக் குறிப்பிட்டது. உலகின் பெரும்பாலான நாடுகள் அன்று அமெரிக்காவின் பக்கம்தான் நின்றன.

இவற்றில் எதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடத்தல்காரர்கள் 19 பேரில் 15 பேர் சவுதி அரேபியர்கள். ஒரு ஆப்கானியர் கூட இல்லை. அவர்களின் தலைவன் முகமது அத்தாவும் கூட்டாளிகளும் கூடிப் பேசியது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், ஒரு அடுக்குமாடி வீட்டில். விமானம் ஓட்டக் கற்றது அமெரிக்காவிலேயே. அப்படியானால் முகாம் இருக்கும் நாட்டைப் பிடித்துவிட்டால் மட்டும் ஆபத்து தீர்ந்துவிடுமா?

டோரா போரா

2001 அக்டோபர் 7-ம் தேதி குண்டுவீச்சு தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, குண்டுவீச்சை நிறுத்தி ஆதாரத்தையும் காட்டினால் பின் லேடனை மூன்றாவது நாடு ஒன்றில் ஒப்படைப்பது பற்றிப் பேசலாம் என்று தலிபான் தரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சுக்கே இடமில்லை என்றார் புஷ். அது உண்மையான முயற்சியா, நேரம் கடத்தும் தந்திரமா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நவம்பர் 13-ல் காபூல் விழுந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் காந்தகாரும் போனது. இரண்டே மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது. நாட்டைப் பிடிக்கும் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. ஆளைப் பிடிக்கும் வேலை?

பின் லேடன் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய டோரா போரா மலைகளில் இருந்தார். அவரை நெருங்கிவிட்டதாகக் களத்தில் இருந்த சி.ஐ.ஏ. அதிகாரி கேரி பெர்ன்ட்சன் நம்பினார். பின்பக்க வழிகளை அடைக்க 800 ரேஞ்சர் வீரர்களை அனுப்புங்கள் என்று மேலே கேட்டார். அனுப்பவில்லை. அங்கே இருந்த அமெரிக்கச் சிறப்புப் படையினர் நூறு பேர் கூட இல்லை. தரையில் தேடும் வேலை உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்குக் காசு கொடுத்து ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழுத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். நடுவில் ஒரு போர்நிறுத்தம் வேறு பேசினார்கள். மேலே விமானங்கள் 6,800 கிலோ எடையுள்ள குண்டைக் கூடப் போட்டன. டிசம்பர் நடுவில் பின் லேடன் மலையைக் கடந்து பாகிஸ்தானுக்குள் போய்விட்டார்.

அதிகப் படையை இறக்கினால் சோவியத் யூனியனுக்கு ஏற்பட்ட கதி நமக்கும் வரும் என்று பயந்தோம், அவர் அங்கேதான் இருந்தார் என்பதும் உறுதியில்லை என்று பிற்பாடு தளபதி டாமி பிராங்க்ஸ் தரப்பில் சொன்னார்கள். ஆனால் 2009-ல் ஜான் கெர்ரி தலைமையிலான செனட் குழு இதை ஆராய்ந்து, அவரைப் பிடிக்கவோ கொல்லவோ வாய்ப்பு இருந்தது, கை நழுவ விட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2001 நவம்பர் 21-ம் தேதி, அதாவது டோரா போரா சண்டைக்குச் சில நாள் முன்பு, ஈராக்கைத் தாக்கும் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று புஷ் தன் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்டிடம் கேட்டிருந்தார். பின் லேடனைத் தேட வேண்டிய அதே பிராங்க்ஸின் மேஜையில் ஈராக் வரைபடமும் வந்து விழுந்தது. 2002 மார்ச்சில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் பின் லேடன் எங்கே என்று கேட்டபோது, தான் அவரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை என்ற பொருளில் புஷ் பதில் சொன்னார். ஆறே மாதத்தில்!

திசை மாறிய வேட்டை

ஈராக் விவாதத்தில் முதலில் வாயைத் திறந்தவர்கள் போர் எதிர்ப்பு ஊர்வலக்காரர்கள் மட்டுமல்ல. 2002 ஆகஸ்டில் பத்திரிகையில் எச்சரிக்கைக் கட்டுரை எழுதிய பிரென்ட் ஸ்கோகிராப்ட், புஷ்ஷின் அப்பா ஜனாதிபதியாக இருந்தபோது அவருக்குப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். குடியரசுக் கட்சி வட்டாரத்தின் பெரிய மனிதர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சதாமுக்கும் செப்டம்பர் 11-க்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் போதாது; ஈராக்கைத் தாக்கினால் பயங்கரவாதிகளைத் தேடும் வேலை கெட்டுப்போகும், அதற்குத் துணை நிற்கும் நாடுகளும் விலகிப் போகும். செப்டம்பரில் 33 சர்வதேச உறவுத் துறை அறிஞர்கள் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் விளம்பரமே கொடுத்தார்கள். போர் அமெரிக்காவின் நலனுக்கு எதிரானது என்றார்கள். அவர்களில் பலர் ராணுவ பலத்தை நம்பும் பள்ளியைச் சேர்ந்தவர்கள்.

இருந்தும் அக்டோபரில் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133. செனட்டில் 77-க்கு 23. ஒரு வருடத்தில் எதிர்ப்பு ஓட்டு 1-லிருந்து 156 ஆகியிருந்தது. ஆனாலும் போதவில்லை. 2003 பிப்ரவரியில் முதிய செனட்டர் ராபர்ட் பேர்ட், இவ்வளவு பெரிய முடிவைப் பற்றி சபை வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறதே என்று வேதனைப்பட்டார். ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி, ஈராக்கைக் கட்டிக் காக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் வுல்போவிட்ஸ் அதைத் தவறான கணக்கு என்று ஒதுக்கினார். பிப்ரவரி 15-ம் தேதி ரோம், லண்டன் என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிரிட்டனில் மூத்த அமைச்சர் ராபின் குக் பதவியையே துறந்தார்.

இந்தியாவும் இந்த விவாதத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 2003 ஏப்ரலில் மக்களவை இந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பிறகு ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது. அந்த ஒரு 'முடியாது' எத்தனை இந்தியக் குடும்பங்களைக் காப்பாற்றியது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள். மார்ச் 20-ல் போர் தொடங்கி, ஏப்ரல் 9-ல் பாக்தாத் விழுந்தது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. சதாமும் அல்-கொய்தாவும் கூட்டுச் சேர்ந்து செயல்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று 2004-ல் செப்டம்பர் 11 விசாரணைக் கமிஷன் சொன்னது.

ஆயுதம் கிடைக்கவில்லை, சரி. பயங்கரவாதியாவது குறைந்தானா? 2003 மே மாதம் ஈராக் ராணுவத்தையே ஒரே உத்தரவில் கலைத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்து, துப்பாக்கிப் பயிற்சியோடு வீட்டுக்குப் போனார்கள். ஜோர்டானைச் சேர்ந்த ஜர்காவி என்பவர் அங்கே கூட்டம் சேர்த்தார். 2004 அக்டோபரில் பின் லேடனுக்கு விசுவாசம் தெரிவித்தார். அதாவது, ஈராக்கில் அல்-கொய்தா கிளை திறந்தது போருக்குப் பிறகுதான். 2006-ல் ஜர்காவி கொல்லப்பட்டார். ஆனால் அவர் வளர்த்த அமைப்பு சாகவில்லை. பெயர் மாறி, உருவம் மாறி, 2014 ஜூனில் மொசூல் நகரத்தையே பிடித்தது. அதுதான் ஐ.எஸ்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. அதிலும் கொளுத்தியது அடுத்தவன் வீட்டை. எலி இருந்ததோ வேறு தெருவில்.

எங்கே பிடித்தார்கள்? யார் பிடித்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால்தான் விஷயம் தெளிவாகும். அல்-கொய்தாவின் பெரிய தலைகள் உயிரோடு சிக்கிய இடங்களைப் பாருங்கள்.

அபு ஜுபைதா: 2002 மார்ச், பாகிஸ்தானின் பைசலாபாத்.
ரம்சி பின் அல்-ஷிப்: 2002 செப்டம்பர், கராச்சி.
செப்டம்பர் 11 திட்டத்தின் மூளை என்று கருதப்பட்ட காலித் ஷேக் முகமது: 2003 மார்ச் 1, ராவல்பிண்டி.

மூன்றுமே நகரங்கள். மூன்றுமே வீடுகளில் நடந்த சோதனைகள். பாகிஸ்தானின் அதிகாரிகளும் அமெரிக்க உளவுத் துறையும் சேர்ந்து செய்த துப்பறியும் வேலை. டாங்கியும் போர்க்கப்பலும் இதில் எங்கேயும் வரவில்லை. காலித் ஷேக் பிடிபட்டபோது ஈராக் மீது படையெடுக்க இன்னும் 19 நாள் பாக்கி இருந்தது.

ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ராண்ட் ஒன்றும் போர் எதிர்ப்பு இயக்கம் இல்லை. அமெரிக்க ராணுவத்துக்கே ஆய்வு செய்து கொடுக்கும் இடம். 1968 முதல் 2006 வரை இருந்த 648 பயங்கரவாதக் குழுக்களை எடுத்துக்கொண்டு, முடிந்துபோனவை எப்படி முடிந்தன என்று பார்த்தார்கள். 43 சதவீதம் அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 சதவீதத்தைப் போலீசும் உளவுத் துறையும் முடித்தன. 10 சதவீதம் ஜெயித்தே விட்டன. ராணுவ பலத்தால் ஒழிக்கப்பட்டவை வெறும் 7 சதவீதம்!

ரம்ஸ்பெல்டுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. 2003 அக்டோபரில் தன் அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பில், நாம் ஒழிப்பவர்களைவிட அதிகம் பேர் புதிதாகச் சேர்கிறார்களா, இதை அளக்க நம்மிடம் ஏதாவது அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். போர் தொடங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அபோட்டாபாத்

கடைசியில் பின் லேடன் எப்படிச் சிக்கினார்? ஒரு தபால்காரனால்.

அவருக்குச் செய்தி கொண்டுபோய்க் கொடுப்பவனின் புனைபெயர் அபு அகமது அல்-குவைத்தி. பல கைதிகளிடமிருந்தும் உளவுத் தகவல்களிலிருந்தும் துண்டு துண்டாக அந்தப் பெயர் சேர்ந்தது. முக்கியமான துண்டு ஒன்றைக் கொடுத்த ஹசன் குல், 2004-ல் ஈராக்கின் வடக்கே குர்திஷ் படையினரிடம் சிக்கியவர். இது ஈராக் போரை ஆதரித்தவர்களுக்குச் சாதகமான ஒரு புள்ளிதான், மறைக்க வேண்டியதில்லை. கைதிகளைச் சித்திரவதை செய்ததால்தான் தகவல் வந்தது என்று சி.ஐ.ஏ. தரப்பு வாதாடியது. 2014-ல் செனட் உளவுத் துறைக் குழு அதை மறுத்தது. தூதனைப் பற்றிய முக்கியத் தகவல்கள் சித்திரவதை இல்லாமலே வந்தவை என்றது.

2010-ல் அந்த ஆளைப் பெஷாவரில் அடையாளம் கண்டு, அவன் வண்டியைப் பின்தொடர்ந்தார்கள். வண்டி அபோட்டாபாத்தில் ஒரு வீட்டுக்குப் போனது. பெரிய வீடு, உயரமான சுவர். ஆனால் போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. குப்பையை வெளியே போடாமல் உள்ளேயே எரித்தார்கள். பாகிஸ்தான் ராணுவ அகாடமி பக்கத்திலேயே! 2011 மே 2-ம் தேதி அதிகாலை, இரண்டு டஜன் பேர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, சுமார் 40 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானில் சுமார் ஒரு லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள்.

ஹெலிகாப்டர்கள் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்திலிருந்துதான் கிளம்பின. அங்கே தளம் இல்லாமல் இது முடிந்திருக்குமா என்று போர் ஆதரவாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு தளம் வைத்திருப்பதும், ஒரு நாட்டையே ஆள்வதும் ஒன்றல்லவே.

வேட்டைக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர்களின் மரபணு மாதிரியை எடுப்பதற்காக, ஒரு பாகிஸ்தான் டாக்டரை வைத்து மஞ்சள் காமாலை தடுப்பூசி முகாம் என்று சி.ஐ.ஏ. நாடகம் போட்டது. விஷயம் வெளியே வந்ததும் தடுப்பூசி என்றாலே உளவு என்ற பேச்சு பரவியது. 2012-ல் வஜிரிஸ்தானில் போலியோ சொட்டு மருந்துக்கே தடை போட்டார்கள். அந்த டிசம்பரில் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014-ல், இனி தடுப்பூசி முகாம்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது. இறந்தவர்கள் இறந்தவர்கள்தான்.

கணக்கு

பின் லேடன் செத்த பிறகும் ஆப்கானிஸ்தான் போர் பத்து வருடம் ஓடியது. ஏன்? அதற்குள் நோக்கம் மாறிவிட்டிருந்தது. ஆளைத் தேடப் போனவர்கள் அரசாங்கம் கட்டவும், தேர்தல் நடத்தவும், தலிபானோடு கிராமம் கிராமமாகச் சண்டை போடவும் உட்கார்ந்துவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அதே தலிபானோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15-ல் தலிபான் மீண்டும் காபூலுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 30-ல் கடைசி அமெரிக்க வீரர் கிளம்பினார். அதற்கு முந்தைய நாள், பயங்கரவாதி என்று நினைத்து ஒரு காரின் மேல் வீசிய ட்ரோன் குண்டு 7 குழந்தைகள் உட்பட 10 அப்பாவிகளைக் கொன்றது. தவறு நடந்துவிட்டது என்று பின்னர் பென்டகனே ஒப்புக்கொண்டது.

அமெரிக்க வீரர்கள் ஆப்கானிஸ்தானில் 2,400-க்கும் மேல், ஈராக்கில் சுமார் 4,500 பேர் இறந்தார்கள். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் கணக்குப்படி ஆப்கானிஸ்தானில் 46,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களும், 60,000-க்கும் மேற்பட்ட ஆப்கான் ராணுவ, போலீஸ்காரர்களும் போரில் நேரடியாகப் பலியானார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகான எல்லாப் போர்களுக்கும் ஆன செலவு சுமார் 8 லட்சம் கோடி டாலர் என்கிறது அதே குழு.

வரவுப் பக்கமும் காலி இல்லை. ஆப்கான் முகாம்கள் அழிந்தன. செப்டம்பர் 11 அளவுக்கு இன்னொரு தாக்குதல் அமெரிக்க மண்ணில் அந்த 20 வருடத்தில் நடக்கவில்லை. பள்ளிக்கூட வாசலையே பார்க்காத ஆப்கான் பெண் குழந்தைகள் லட்சக்கணக்கில் படித்தார்கள். 2021-க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் அந்தக் கதவு மூடப்பட்டபோது, அந்தப் பெண்கள் இழந்தது எந்தப் புள்ளிவிவரத்திலும் அடங்காது. போரே வேண்டாம் என்றவர்களும் இவர்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

விவாதம் முடிந்ததா?

இல்லை. 2022 ஜூலை 31-ல் பின் லேடனின் வாரிசான ஜவாஹிரி, காபூல் நகரத்தில் ஒரு வீட்டு பால்கனியில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். பார்த்தீர்களா, தலிபான் வந்ததும் அல்-கொய்தாவும் காபூலுக்குத் திரும்பிவிட்டது, வெளியேறியது தப்பு என்றது ஒரு தரப்பு. பார்த்தீர்களா, நாட்டில் ஒரு அமெரிக்க வீரர் கூட இல்லாமலே அவரை முடிக்க முடிந்தது, இருபது வருடம் உட்கார்ந்ததுதான் தப்பு என்றது மறு தரப்பு. ஒரே சம்பவம், இரண்டு தீர்ப்பு!

ஆனால் 1916-லிருந்து வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஒளிந்திருக்கும் ஆளைத் தேடுவது ஒரு வேலை. அதற்குப் பொறுமை வேண்டும், தகவல் வேண்டும், அந்த ஊர் மக்களின் ஒத்துழைப்பு வேண்டும். ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருப்பது வேறு வேலை. அதற்குப் பெரும் படை வேண்டும், அந்தப் படையே ஊர் மக்களைப் பகைத்துக்கொள்ளும். இரண்டாவது வேலை பெருகப் பெருக முதல் வேலை கெடுகிறது. பெர்ஷிங்குக்கு நடந்ததும் இதுதான், டோரா போராவுக்குப் பிறகு நடந்ததும் இதுதான்.

2001 செப்டம்பரில் 'தாக்க வேண்டுமா, வேண்டாமா' என்ற ஒரு கேள்விதான் ஓட்டுக்கு விடப்பட்டது. யாரை, எங்கே, எதுவரை, எப்போது முடிந்ததாக அர்த்தம் என்ற கேள்விகளை ஒரே ஒரு பெண் கேட்டார். பார்பரா லீயை அவர் தொகுதி மக்கள் கைவிடவில்லை. மறுபடி மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். 2025-ல் ஓக்லண்ட் நகர மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அன்று எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டவர்களில் சிலர், அவர் சொன்னது சரி என்று பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

நாளைக்கு வேறொரு நாட்டில் வேறொரு கோபுரம் இடியும்போதும் இதே கோபம் வரும், இதே அவசரம் வரும். அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கும். அந்த நேரத்தில் 'எதுவரை?' என்று ஒருவர் எழுந்து கேட்டால், அவரைத் துரோகி என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கலாம். பதில் சொல்ல முடிந்தால் போருக்குப் போகலாம். முடியாவிட்டால், போகும் முன் தெரிந்துகொண்டது எல்லோருக்கும் நல்லது.